பாதி உயிரோடு ஓடும் இன்ஜின்: வீட்டில் கட்டிய ரோட்டரி விமானத்தில் நடுவானில் கோளாறு வந்தால்

முதலில் விழுவது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) அழுத்த முள். வெப்பத்தைக் காட்டும் முள் இருந்த இடத்திலேயே நிற்கும். சில சமயம் கொஞ்சம் கீழேகூட இறங்கும்.

ஒரு காட்சியாக வைத்துக்கொள்வோம். டெக்சாஸில் பருத்திக் காடுகளுக்கு மேலே, தரையிலிருந்து 4,500 அடி உயரம். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். ஓட்டுபவர் அதைத் தன் வீட்டுக் கார் ஷெட்டில், சனி ஞாயிறுகளில், ஏழெட்டு வருஷம் செலவழித்துக் கட்டியவர். மூக்கில் இருப்பது விமான இன்ஜின் இல்லை. பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய 13பி ரோட்டரி இன்ஜின். காக்பிட்டுக்குள் இனிப்பாக ஒரு வாசனை வருகிறது, பாகு அடிப்பிடித்த மாதிரி. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மெல்லிய ஈரப்படலம். இன்ஜின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. வெப்பம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறது முள்.

வாசனை கூலன்டில் கலந்திருக்கும் கிளைகாலுடையது. எங்கோ ஒரு ஹோஸ் கழன்று கூலன்ட் வெளியே போகிறது. அப்படியானால் வெப்ப முள் ஏன் ஏறவில்லை? சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் போன பிறகு அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நின்றுகொண்டு தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. பொய் சொல்லவில்லை, வேறு எதையோ அளக்கிறது. அதனால்தான் இந்த இன்ஜினை விமானத்தில் வைப்பவர்கள் வெப்பமானியோடு ஓர் அழுத்தமானியையும் கூலன்ட் குழாயில் பொருத்தச் சொல்லி அடித்துக்கொள்வார்கள். காரில் அது தேவையில்லை. சாலை ஓரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு முன்னால், இது என்ன மாதிரி இன்ஜின் என்று பார்த்துவிடலாம்.

ரோட்டரி என்றதும் முதல் உலகப் போர்க்கால விமானங்களை நினைப்பவர்கள் உண்டு. அது வேறு. அந்தக் காலத்து நோம், லெ ரோன் இன்ஜின்களில் சிலிண்டர்கள் மொத்தமாகப் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். இங்கே பேசுவது ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் பெயரால் அழைக்கப்படும் இன்ஜின். 1957-இல் என்எஸ்யு நிறுவனத்தில் அதன் முதல் மாதிரி ஓடியது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய வேர்க்கடலை வடிவ அறை. அதற்குள் பக்கங்கள் உப்பிய, தட்டையான சமோசா போன்ற ஒரு முக்கோணம். அந்த முக்கோணம்தான் ரோட்டர். அது ஓர் அச்சைச் சுற்றிப் புரண்டுகொண்டே, இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளுகிறது. மூன்று முகமும் ஆளுக்கொரு வேலையில் இருக்கும்.

முக்கோணத்தின் மூன்று முனைகளிலும், வாயு கசியாமல் அடைக்க, கத்தி விளிம்பு போல ஒவ்வொரு சீல். அறையின் சுவரைத் தேய்த்துக்கொண்டே ஓடும் அந்த முனை சீல்தான் இந்த இன்ஜினின் உயிர்நாடி, பலவீனமும் அதுதான். 1960-களில் மாஸ்டா இதைச் சொந்தமாக உருவாக்கியபோது சுவரில் அலை அலையாக விழுந்த கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சைத்தானின் நகக்கீறல்’. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அதோடு மல்லுக்கட்டி, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரைக் கொண்டுவந்தார்கள். 1991-இல் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. வானத்துக்கும் இது புதிதில்லை. சில ஜெர்மன் கிளைடர்களில் சின்ன வாங்கெல் இன்ஜின்கள் உண்டு; அமெரிக்க ராணுவம் பறக்கவிட்ட ஷேடோ ஆளில்லா விமானத்திலும் இருந்தது. நம் நிஷாந்த் ஆளில்லா விமானம்கூட உள்நாட்டில் செய்த வாங்கெல் இன்ஜினோடு 2009-இல் கோலார் அருகே பறந்தது.

சரி, வீட்டில் விமானம் கட்டுகிறவர் ஏன் இதைத் தேடிப் போகிறார்? விலை ஒரு காரணம். சான்றிதழ் பெற்ற லைகமிங் விமான இன்ஜினின் விலையில் சின்ன வீடே வாங்கலாம் என்பது அந்த வட்டாரத்துப் புலம்பல். பழைய 13பி சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். 1,308 சிசி, இரண்டு ரோட்டர், கொஞ்சம் பக்குவப்படுத்தினால் 160 குதிரைசக்தியைத் தாண்டும். ஆனால் அவர்கள் கண்கள் விரியச் சொல்லும் காரணம் வேறு: இது சட்டென்று சாகாது. பிஸ்டன் இன்ஜினில் கனெக்டிங் ராடு உடைந்தாலோ வால்வு உள்ளே விழுந்தாலோ அந்த நொடியே கதை முடிந்தது. ரோட்டரியில் அப்படி உடைந்து விழப் பொருளே குறைவு. ரோட்டர் வார்ப்பிரும்பு, அதைச் சுற்றியுள்ள அறை அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும்; ஆக, அறை ரோட்டரை விட்டு விலகுமே தவிர இறுக்கிப் பிடிக்காது. ஒரு முனை சீல் உடைந்தாலும், அந்த ரோட்டரின் மூன்று முகங்களில் இரண்டு அழுத்தத்தை இழக்கும், மூன்றாவது எரிந்துகொண்டிருக்கும், பக்கத்து ரோட்டர் முழுசாக வேலை செய்யும். போதாததற்கு கூலன்டும் ஆயிலும் சேர்ந்து வெளியேற்றும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஆயில்தான் சுமக்கிறது. கூலன்ட் முழுக்கப் போனாலும் ஆயில் கூலர் தன் பங்குக்கு உழைக்கும். சக்தியைக் குறைத்து ஓட்டினால், தண்ணீரே இல்லாமல் சில நிமிடங்கள் தாங்கும்.

இதெல்லாம் உண்மைதான். எனக்கு இதில் மறுப்பில்லை. ஆனால் ‘சாகாத இன்ஜின்’ என்ற இந்தப் பெருமை விமானியின் தலைக்குள் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, ஒற்றை இன்ஜின் சிறு விமானங்கள் கிளம்பிய உடனே சக்தி இழந்த சம்பவங்களை 2000 முதல் 2010 வரை அலசியது. இன்ஜின் மொத்தமாக நிற்பதைவிட, அரைகுறையாகச் சக்தி போவது மூன்று மடங்கு அதிகம். அதைவிட உறுத்துவது அடுத்த கணக்கு: அரைகுறையாகச் சக்தி போன சம்பவங்களில் ஒன்பது உயிரிழப்பு விபத்துகள், முதலிலேயே மொத்தமாக நின்றுபோனவற்றில் ஒன்றுகூட இல்லை. இன்ஜின் செத்துவிட்டால் விமானிக்கு ஒரே வேலைதான்: மூக்கைத் தாழ்த்தி, எதிரே தெரிகிற இடத்தில் இறங்குவது. பாதி உயிரோடு இருந்தால் மனம் கணக்குப் போடும். திரும்பி ஓடுபாதைக்குப் போய்விடலாமே, இன்னும் கொஞ்சம் இழுக்குமே, இழுக்கிறதே என்று. இழுத்துக்கொண்டே வேகம் குறையும், உயரம் தக்கவைக்க மூக்கை மேலே தூக்குவார், திருப்பத்தில் ஒரு இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விமானம் சுழன்று விழும். அந்த உயரத்தில் மீள இடமில்லை.

அந்தக் கணக்கு ரோட்டரி விமானங்களுக்கென்று எடுத்ததல்ல. ஆனால் கோளாறு வந்தாலும் நிற்காமல் முனகிக்கொண்டு ஓடுவதையே தன் சிறப்பாகச் சொல்லும் இன்ஜினுக்கு, இது மற்ற எதையும்விட நன்றாகப் பொருந்துகிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர்தான் கட்டியவர். ஒவ்வொரு ஒயரையும் அவரே இழுத்திருக்கிறார். கோளாறு என்றதும் மற்ற விமானி வெளியே வயலைத் தேடுவார். இவர் உள்ளே குனிந்து எந்த ரிலே என்று யோசிப்பார். ஏழெட்டு வருஷ உழைப்பை உழவுக் காட்டில் இறக்கி நொறுக்க மனம் வராது என்பதும் இருக்கிறது. அதைச் சும்மா பலவீனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சரி, எதெல்லாம் கெடும்? வேடிக்கை என்னவென்றால், ரோட்டரும் சீலும் பட்டியலில் கீழேதான் வரும். மாஸ்டா செய்த பகுதி பெரும்பாலும் உழைக்கும். கட்டுபவர் தன் கையால் சேர்த்த பகுதிதான் மக்கர் பண்ணும்: பெட்ரோல் குழாய், ஹோஸ், க்ளாம்ப், ஒயரிங், ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி, கியர்பாக்ஸ், சைலன்சர். காரில் போட்ட சைலன்சரை அப்படியே மாட்டினால், பிஸ்டன் இன்ஜினைவிடச் சூடான ரோட்டரியின் புகை அதன் உள்தகடுகளைத் தின்றுவிடும். ஒரு தகடு கழன்று வாயை அடைத்தால் இன்ஜின் மூச்சுத் திணறும். விமானிக்கு அது சீல் போனது போலத்தான் தெரியும்.

பெட்ரோல் விஷயம் தனி. தாழ்ந்த இறக்கை விமானத்தில் டேங்க் இன்ஜினுக்குக் கீழே இருப்பதால் தானாக வழிந்து வராது, பம்ப்தான் கதி. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அமைப்பில் பம்ப் தேவைக்கு மேல் தள்ளி, மிச்சத்தைத் திரும்ப டேங்குக்கு அனுப்பும். எந்த டேங்குக்கு? வலது டேங்கிலிருந்து எடுத்து இடதுக்குத் திருப்பி அனுப்பினால், எரிக்காத பெட்ரோலும் வலதிலிருந்து காலியாகிக்கொண்டே போகும். இடது நிரம்பி வெளியே வழியும். சூடான இன்ஜின் அறையைச் சுற்றி வந்த பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியானால் பம்ப் காற்றைத்தான் தள்ளும். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான என்டிஎஸ்பி 2012-இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், விபத்துகளில் முன்னால் நிற்பவை இரண்டு என்றது: இன்ஜின் சார்ந்த கோளாறு, கட்டுப்பாடு இழப்பு. முதல் பறப்புக்கு முன்பே எரிபொருள் அமைப்பைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார்கள் என்பது ஒருமுறை அந்தக் குழாய்களை வரைந்து பார்த்தாலே புரியும்.

அப்புறம் மின்சாரம். பழைய லைகமிங்கில், ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னீட்டோ இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிக் கீழே வீசினாலும் இன்ஜின் ஓடும். ரோட்டரிக்கு இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), காயில், இன்ஜெக்டர், பம்ப் எல்லாமே மின்சாரம். அதனால் கவனமாகக் கட்டுபவர்கள் இரண்டு இசியு, இரண்டு பம்ப், பலர் இரண்டு பேட்டரி என்று வைப்பார்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் முன்பின்னாக இரண்டு ஸ்பார்க் பிளக் இருப்பது கூடுதல் வசதி. ஒரு வரிசை போனால் மற்றதில் கொஞ்சம் சக்தி குறைவோடு ஓடும். ஆனால் இரண்டிரண்டாக வைத்தவை எல்லாம் ஒரே எர்த் ஒயர் வழியாகப் போனால், இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு பொறி. காக்பிட்டில் ஒயர் கருகும் வாசனை வந்தால் சாதாரணப் பயிற்சி விமானத்தின் கையேடு என்ன சொல்லும்? மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் மாஸ்டர் ஸ்விட்சை அணை. ஆயிரம் முறை மனப்பாடம் செய்த பாடம் அது. இன்ஜினுக்கு என்று தனி மின்பாதை விடாத ரோட்டரி விமானத்தில் அதைச் செய்தால், புகையோடு இன்ஜினும் நின்றுவிடும். கார்புரேட்டர் ஹீட்டைப் போடு, மேக்னீட்டோவை இரண்டிலும் வை என்ற மற்ற பாடங்களுக்கு இங்கே ஸ்விட்சே கிடையாது. ஆக, கடன் வாங்கிய கையேடு உதவாது. ஒவ்வொருவரும் தன் விமானத்துக்கு, தன் ஒயரிங் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, தானே எழுதியாக வேண்டும். பலர் கடைசியில், பெயின்ட் அடித்த பிறகு, அவசரமாக எழுதுவது இதைத்தான்.

கியர்பாக்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோட்டரி 6,000 சுற்றில்தான் சக்தி தரும். புரொப்பல்லரை அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கத்தும். 2.85-க்கு 1 என்று குறைத்தால் 2,100 சுற்று. அந்தப் பல்சக்கரமோ அதற்கு முன்னுள்ள அதிர்வுத் தாங்கியோ போனால் இன்ஜின் வீறிட்டுச் சுற்றும், புரொப்பல்லருக்குச் சக்தி போகாது. இதில் மட்டும் குழப்பமே இல்லை. த்ராட்டிலை மூடிவிட்டு இறங்க வேண்டியதுதான். இன்ஜின் நின்றாலும் கியரின் இறுக்கத்தால் சறுக்கும் வேகத்தில் புரொப்பல்லர் தானாகச் சுழலாமல் நின்றுவிட வாய்ப்பு அதிகம். திரும்ப ஓட்ட ஸ்டார்ட்டர்தான் வேண்டும். அந்தப் பதற்றத்தில் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் பெட்ரோல் கொட்டி, சீலில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஆயில் போனால் அழுத்தம் போச்சு. ஆர்எக்ஸ்-8 கார் வைத்திருந்தவர்களுக்குக் குளிர் காலையில் இது நன்றாகத் தெரியும். சீலுக்கு ஆயில் வேண்டும் என்பதால்தான் பலர் பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்து ஊற்றுகிறார்கள், பங்க்கில் டிவிஎஸ் 50-க்குக் கலந்து அடித்த அதே முறைதான்.

டெக்சாஸ்காரருக்குத் திரும்புவோம். வாசனை வந்து பத்து விநாடி ஆகிறது.

முதல் வேலை விமானத்தை ஓட்டுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். நடுவானில் அதுதான் மறக்கும். 80 நாட் (மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்) என்று அவர் சோதனையில் கண்டுபிடித்து வைத்த சறுக்கு வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு, இருக்கிற உயரத்தை விட்டுவிடாமல் சக்தியைக் குறைக்கிறார். குறைந்த சக்தி என்றால் குறைந்த சூடு. இரண்டாவது வேலை இடம். இன்ஜின் இந்த நொடி நின்றால், ஒன்பது அடி முன்னேற ஓர் அடி இறங்குவது என்ற கணக்கில் 12 கிலோமீட்டர் சறுக்கலாம். காற்றில் மிதக்க 5 நிமிடம். வழக்கமாக இறங்கும் விமான நிலையம் 18 கிலோமீட்டர், அங்கே அவருடைய ஷெட்டும் கருவிகளும் காரும் இருக்கின்றன. இடது பக்கம் 8 கிலோமீட்டரில், மருந்து தெளிக்கும் விமானங்களுக்கான ஒரு மண் ஓடுபாதை.

இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 18 கிலோமீட்டர் என்பது ஏழெட்டு நிமிடம்தான்.

இங்கே ஒரு விதியை அவர் முன்பே, தரையில் வைத்து, எழுதியிருக்க வேண்டும்: மிச்சமிருக்கும் சக்தி கொசுறு. கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை நம்பிக் குழம்பைக் கூட்ட முடியாது. இன்ஜின் இந்த நொடியே நின்றாலும் எட்டக்கூடிய இடத்துக்குத்தான் மூக்கு திரும்ப வேண்டும். அங்கே போய் மேலே நின்ற பிறகு இன்ஜின் இன்னும் ஓடினால் சந்தோஷம். மண் பாதை எட்டும். விமான நிலையம் எட்டாது. அவர் இடது பக்கம் திரும்புகிறார்.

மூன்றாவது வேலை கோளாறைப் பார்ப்பது, அதுவும் எண்ணி. கடைசியாக எதைத் தொட்டோம்? டேங்க் மாற்றிய உடனே இருமினால் பழைய டேங்குக்கே திரும்பு. பம்பை அணைத்த உடனே என்றால் திரும்பப் போடு. காரணமே தெரியாமல் சக்தி குறைந்தால் இரண்டாவது பம்ப், இரண்டாவது இசியு, மறு டேங்க். ஒரே கையசைவில் வரிசையாகப் போகும்படி அந்த ஸ்விட்சுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு சுற்றுப் போட்டும் சரியாகவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும். தடுமாறினாலும் ஓடுகிற இன்ஜினில் மேலும் மேலும் கை வைத்து நிறுத்திவிட்டவர்கள் உண்டு. நம்மவருக்கு ஸ்விட்ச் வேலையே இல்லை, ஹோஸை வானத்தில் மாட்ட முடியாது. ரேடியோவில் தன் இடத்தைச் சொல்கிறார். பெல்ட்டை இறுக்குகிறார்.

கிளம்பிய உடனே இதே கோளாறு வந்திருந்தால் நேரம் நிமிடக் கணக்கில் இருந்திருக்காது. அதனால்தான் த்ராட்டிலைத் தள்ளுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள்: இத்தனை அடிக்குக் கீழே நேரே முன்னால், அதற்கு மேலே இன்ன பக்கம். திரும்பி ஓடுபாதைக்கு வருவது காகிதத்தில் அரை வட்டம்; காற்றில் சுற்றிவந்து பாதையோடு நேராக வருவதற்குள் முக்கால் வட்டம் ஆகிவிடும். அந்த ‘இத்தனை அடி’ எத்தனை என்பது புத்தகத்தில் இல்லை. இதற்காகத்தான் சோதனைக் காலம். சான்றிதழ் இல்லாத இன்ஜினைப் பொருத்திய விமானத்துக்கு அமெரிக்காவில் வழக்கமாக 40 மணி நேரம், சான்றிதழ் பெற்ற இன்ஜின்-புரொப்பல்லர் ஜோடி என்றால் 25. பலர் அந்த 40 மணியை வட்டமடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். பாதுகாப்பான உயரத்துக்குப் போய், த்ராட்டிலைச் சட்டென்று மூடி, நான்கு விநாடி திகைத்து நின்று (உண்மையில் எல்லோரும் திகைக்கத்தான் செய்வார்கள்), பிறகு திரும்பிப் பார்த்து எத்தனை அடி போனது என்று தாளில் குறிப்பவர்களுக்குத்தான் தங்கள் எண் தெரியும்.

மண் பாதைக்கு மேலே வரும்போது 2,600 அடி. இன்ஜின் இன்னும் ஓடுகிறது, கொஞ்சம் கரகரப்பாக. ஒரு சுற்றுச் சுற்றி, பாதை கைக்குள் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை இறக்குகிறார். தரையைத் தொட்டு உருண்டு நின்றதும் இன்ஜினை அணைக்கிறார். மறுபடி அது ஸ்டார்ட் ஆகாது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், மேல் ஹோஸின் க்ளாம்ப் கழன்று தொங்குகிறது. குழாயின் முனையில் ஹோஸைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லை. அலுமினியக் குழாயை வெட்டியவர் அதைப் போட மறந்திருக்கிறார். வெட்டியவர் அவர்தான். பிறகு ஷெட்டில் இன்ஜினைப் பிரிக்கும்போது தண்ணீர் ஓடும் வழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் சப்பிப் போயிருக்கின்றன, முனை சீல்களைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் சூட்டில் விறைப்பை இழந்து வளைந்த இடத்திலேயே நிற்கின்றன. முனை சீல் ஆறும் முழுசாக இருக்கின்றன. குழாயின் முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு மேடு போடும் கருவியை முதலில் ஆர்டர் செய்கிறார், இன்ஜின் அப்புறம்.